நெல் விளையும் திரை

சோழியும் திரையும் – 14

2020 நவம்பரில் ஜப்பான் நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்துக்குப் புது வாசகர்கள் வந்து சேர்ந்தார்கள். வயலில் எந்தப் பருவத்தில் எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது, களை எப்போது எடுப்பது, அறுத்த கதிரை எப்படிக் காயவைப்பது என்று தேடித் தேடிப் படித்தார்கள். சேற்றில் இறங்கியே பழகாதவர்கள் அவர்களில் பலர். அந்த மாதம் வெளிவந்த ஒரு வீடியோ கேமில் அவர்களுடைய நெல் சரியாக விளையவில்லை. ஆட்டக் குறிப்புகளைத் தேடுவதைவிட அரசாங்கத்தின் சாகுபடிப் பக்கங்களைப் படித்தால் பலன் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அதே நாட்களில் நம் பக்கத்து நிலவரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நவம்பர் கடைசியில் நிவர் புயல், டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் சம்பாப் பயிர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. வடிகால் எப்போது வடியும், பயிர் அழுகுவதற்குள் தலை தெரியுமா என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே திரையில், இங்கே மண்ணில், ஒரே பருவத்தில் வயலின் நீர்மட்டத்தைப் பற்றிய கவலை.

இந்தத் தொடரில் இதுவரை பல்லாங்குழியையும் ஆடு புலி ஆட்டத்தையும் பரமபதத்தையும் பார்த்தோம். நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சிவபெருமான் சதுரங்கம் ஆடி இளவரசியை வென்ற தலபுராணத்தையும் பார்த்தோம். இவை எல்லாவற்றிலும் எனக்குத் தெரியும் பொது அம்சம் ஒன்று உண்டு. ஊரின் வாழ்க்கை இந்த ஆட்டங்களின் விதிக்குள்ளேயே இருக்கிறது. பல்லாங்குழிப் பலகையில் வயலின் படம் எதுவும் இல்லை. ஆனால் கை நிறைய முத்துகளை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போவதும், ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று எடுத்துக்கொள்வதும் விதைத்தும் மாடு வளர்த்தும் வாழ்ந்தவர்களின் கையசைவுகள். கணினித் திரைக்கு வந்தபின் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதைக் கைவிட்டுவிட்டன. எங்கோ இருக்கும் போர்க்களம், எங்கோ ஓடும் கார். பழைய குணத்தை மீட்டுக் கொண்டுவந்தவை பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களைவிடச் சிறிய குழுக்களின் ஆட்டங்களே. இந்த வாரமும் அடுத்த வாரமும் அவற்றின் கதை.

ஜப்பானியர்களை வேளாண் அமைச்சகத்துக்கு அனுப்பிய ஆட்டத்தின் பெயர் 'சகுனா'. ஆக்கியது எடல்வைஸ் என்ற சிறு குழு. அதன் மையத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். நல், கோய்ச்சி என்ற பெயர்களில் அறியப்படுகிறவர்கள். வேலை கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு நடந்தது. கதை எளியது. சகுனா என்னும் குட்டித் தெய்வம் செய்த தவறால் தலைநகரின் நெற்களஞ்சியம் பாழாகிறது. தண்டனையாக அவளைப் பேய்கள் உலவும் ஒரு தீவுக்கு அனுப்புகிறார்கள். பகலில் பேய்களோடு சண்டை, மற்ற நேரத்தில் வயல் வேலை. அவளுடைய வலிமை முழுக்க அவள் விளைவிக்கும் அரிசியிலிருந்தே வருகிறது. அறுவடை நன்றாக இருந்தால் அடுத்த ஆண்டு சண்டையில் பலம் கூடும்.

வயல் வேலை என்றால் ஒரு பொத்தானை அழுத்தியதும் பயிர் முளைத்துவிடும் வேலை இல்லை. விதைநெல்லை முதலில் தண்ணீரில் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். உப்புநீர் கலந்தால் பதர் மிதக்கும், திடமான மணி அடியில் தங்கும். நம் வேளாண் துறை பரிந்துரைக்கும் முறையும் இதுதான்: உப்புக் கரைசலில் முட்டையைப் போட்டு, அது மிதக்கும் பதம் வந்ததும் விதையைக் கொட்டுவது. பிறகு நாற்று. அதை எவ்வளவு நெருக்கமாக விடுவது என்பதிலிருந்தே முடிவுகள் தொடங்கிவிடுகின்றன. மண்வெட்டியால் வயலைக் கொத்தும்போது கல் தட்டுப்பட்டால் எடுத்து வெளியே எறிய வேண்டும். நடவின்போது சகுனா குனிந்து பின்னோக்கி நகர்ந்தபடி நடுகிறாள். நம் நடவுப் பெண்கள் செய்வது போலவே, தான் நட்ட நாற்றைத் தானே மிதித்துவிடாமல். இடைவெளி சீராக இல்லாவிட்டால் விளைச்சலில் தெரிந்துவிடும். திருந்திய நெல் சாகுபடிக்குக் கயிறு பிடித்து 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மடையைத் திறந்து மூடி நீர்மட்டத்தை வைத்துக்கொள்ளலாம். உரத்தில் எதைச் சேர்க்கிறோம் என்பது தழைக்கும் வேருக்கும் மணிக்கும் வெவ்வேறு விதமாகப் போய்ச் சேர்கிறது. வயலில் வாத்துக் குஞ்சுகளை விட்டால் களையைப் பார்த்துக்கொள்ளும். கதிரை அறுத்துக் கழியில் தொங்கவிட்டுக் காயவைத்து, அடித்து, உரலில் குத்த வேண்டும். எவ்வளவு குத்துவது என்பதும் ஆடுகிறவர் கையில். தவிட்டோடு விட்டால் ஒரு குணம், வெள்ளையாகத் தீட்டினால் வேறு குணம்.

முதல் ஆண்டு அறுவடை பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். ஆட்டம் அதற்காக நம்மைத் தோற்கடித்து வெளியே தள்ளுவதில்லை. அடுத்த பருவம் வருகிறது, போன முறை தண்ணீர் அதிகம் வைத்தது நினைவுக்கு வருகிறது. அவ்வளவுதான். சாகுபடி செய்கிறவருக்கு அறிவு சேரும் விதத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு வீடியோ கேமை நான் ஆடியதில்லை.

குறையும் உண்டு. உரலோடு ஆட்டம் நின்றுவிடுகிறது. டெல்டா விவசாயிக்குப் பாதிப் போராட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்த நெல், 17 சதவீத ஈரப்பத வரம்பு, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும் இரவுகள். சகுனாவின் தீவில் கடன் இல்லை, வட்டி இல்லை, அண்டை மாநிலம் இல்லை. தெய்வத்துக்கு விதித்த தண்டனையே இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

வெளியான சில வாரங்களிலேயே சகுனா 5 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2024இல் அனிமே தொடராகவும் வந்தது. நெல் நடுவதை வைத்து இரண்டு பேர் ஐந்து ஆண்டு உட்கார்ந்து ஓர் ஆட்டம் செய்யப்போகிறோம் என்று பெரிய நிறுவனம் ஒன்றின் கூட்ட அறையில் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு ஐந்து நிமிடம் தாண்டியிருக்காது. இப்படிப்பட்ட ஆட்டங்கள் வெளிவர இரண்டு வழிகள் திறக்க வேண்டியிருந்தது. ஒன்று, விற்கும் வழி. ஸ்டீம் போன்ற இணையக் கடைகள் வந்தபின் சிடி அச்சடித்துக் கடைகடையாக அனுப்பும் செலவு இல்லாமல் போனது. 2013இல் தொடங்கிய இட்ச் தளத்தில் ஆக்கியவரே விலை வைக்கலாம், விரும்பிய தொகையைத் தரும்படி வாங்குகிறவரிடமே விட்டும் விடலாம். மற்றொன்று, முதல் போடும் வழி. அதுதான் கிரவுட்ஃபண்டிங். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சமாக முன்பணம் கட்ட, அந்தப் பணத்தில் வேலை நடந்து, முடிந்ததும் அவர்களுக்குப் பிரதி போய்ச் சேர்வது.

கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியது 2009 ஏப்ரலில். ஆனால் இந்த ஏற்பாட்டைப் புதிய கண்டுபிடிப்பு என்று கும்பகோணத்துக்காரரிடம் சொல்லக் கூடாது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் அதே ஆண்டு அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று முதலியார் கேட்ட கேள்வியிலிருந்து ஏழு ஆண்டு உழைப்பு தொடங்கியது. ஏடுகளைத் தேடி ஒப்பிட்டது அறிவின் உழைப்பு. அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் பணம் வேண்டுமே! ஆசிரியர் சம்பளத்தில் அது முடியாது. அன்றைய வழக்கப்படி கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மிராசுதார்களும் கையெழுத்திட்டார்கள், முன்பணமும் தந்தார்கள். 1887இல் புத்தகம் வெளிவந்தது. கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் அதுவரை சிந்தாமணியின் ஒரு பாட்டையாவது படித்திருப்பார்கள்? காணாத பொருளுக்கு, ஆளை நம்பிக் கொடுத்த பணம் அது. ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தைப் பலருடைய சிறு தொகைகள் தாங்கிப் பிடித்தன.

உ.வே.சா.வுக்குக் கிடைத்த அதே வகை நம்பிக்கைதான் 2013இல் டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞருக்கும் கிடைத்தது. 'அண்டர்டேல்' என்ற ஆட்டத்துக்காக அவர் கேட்டது 5,000 டாலர். 2,398 பேர் சேர்ந்து 51,124 டாலர் தந்தார்கள். 2015 செப்டம்பரில் ஆட்டம் வந்தது. பழைய டிவி கேம் போன்ற கட்டம் கட்டமான படம். எதிரே வரும் பூதங்கள் ஒன்றையும் கொல்லாமல், பேசியும் சிரிக்கவைத்தும் மன்னித்தும் முழு ஆட்டத்தையும் முடிக்க முடியும். கொன்றுகொண்டே போனால், அந்த ஆட்டம் அதை மறப்பதில்லை. பூதத்தோடு பேசுவது என்ற ஒரே ஒரு விதி மாற்றம், இருபது முப்பது ஆண்டுப் பழக்கத்தைக் கேள்வி கேட்டுவிட்டது. இன்று முதன்முதலாக இந்த உலகத்துக்குள் நுழைய விரும்பும் வாசகர் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பழைய கணினியிலும் ஓடும்.

முன்பணம் கட்டியவர்கள் காத்திருக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த சிறு குழு ஒன்று 2014இல் 'ஹாலோ நைட்' ஆட்டத்துக்காக 2,158 பேரிடம் பணம் திரட்டியது. ஆட்டம் 2017இல் வந்தது. அப்போது கூடுதலாகத் தருவதாக வாக்குறுதி கொடுத்த இன்னொரு பாத்திரத்தின் கதை தனி ஆட்டமாக வளர்ந்து, 'சில்க்சாங்' என்ற பெயரில் 2025 செப்டம்பரில்தான் வெளியானது. பணம் வாங்கிக்கொண்டு முடிக்காமலே போன திட்டங்களும் ஏராளம்.

இந்தியாவிலும் இது நடந்தது, கஷ்டப்பட்டு நடந்தது. பைரோடாக்டில் என்ற நம் நாட்டுச் சிறு குழு 2013இல் 'அன்ரெஸ்ட்' ஆட்டத்துக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 3,000 டாலர் கேட்டு, 36,000க்கு மேல் பெற்றது. 2014இல் ஆட்டம் வந்தது. பண்டைய இந்தியாவை ஒத்த பீம்ரா என்ற நகரம், மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்த காலம். ஆடுகிறவர் வீரர் அல்ல. தனக்கு நிச்சயித்த கல்யாணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் ஒரு குடியானவப் பெண்ணாக, ஒரு பூசாரியாக, ஓர் இளவரசியாக மாறி மாறி அந்தப் பஞ்சத்தைக் கடக்க வேண்டும். வாளைவிடப் பேச்சே அதில் ஆயுதம். ஓட்டம் கரடுமுரடானதுதான். ஆனாலும் பஞ்சத்தை ஆட்டத்தின் மையத்தில் வைக்கத் துணிந்த ஆக்கம் என்பதற்காக எனக்கு அதன் மேல் மதிப்பு குறைந்ததில்லை. புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு 'ராஜி' ஆட்டத்துக்காக 2017இல் அதே தளத்தில் கேட்ட தொகை கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் சொந்த வீட்டை விற்று வேலையைத் தொடர வேண்டியிருந்தது. 2020இல் ஆட்டம் வந்தது. அந்த ஆண்டு உலக அளவிலான தி கேம் அவார்ட்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பட்டியலிலும் இடம் பிடித்தது.

தமிழுக்கு வருவோம். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற குழு ஆக்கிய 'வெண்பா' 2023 ஜூலை 31இல் வெளியானது. வடிவமைத்தவர் அபி. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் மகன் கவினும்தான் கதை. ஆட்டம் முழுக்கச் சமையல். தாய் எழுதித் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளைக் கைப்பழக்கத்தாலும் ஊகத்தாலும் நிரப்பினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

முதல் சமையல் இட்லி. குக்கரில் தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற வரி குறிப்பேட்டில் படிக்க முடியாமல் இருக்கிறது. குழிக்கு நேராகக் குழி வைத்து அடுக்கினால் மேல்தட்டு கீழே உள்ள இட்லியை நசுக்கிவிடும். தட்டைக் கொஞ்சம் திருப்பி, குழிகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நம் வீடுகளில் யாரும் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கை தானாகக் கற்றுக்கொண்டது. உலகம் முழுக்க இட்லிப் பானையையே பார்த்திராதவர்கள் அந்தத் தட்டைத் திருப்பும் புதிரை உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. பிறகு புட்டு, பிரியாணி என்று போகிறது. சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஓடும். வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் இந்த ஆட்டத்துக்காகவே புதிதாக அமைத்த பாடல்கள் அவை.

மகன் வளர வளர வீட்டுக்குள் மௌனம் கூடுவதைச் சண்டை, அழுகை என்று நீட்டாமல், யாருக்காகச் சமைக்கிறோம், சாப்பிட வருகிறார்களா என்பதிலேயே காட்டிவிடுகிறார்கள். ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் நாலு சமையல் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. 2024இல் சிறுகுழு ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன.

டெல்டாவின் பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்தது எப்படி? கேசட் போட்டு ஆடும் டிவி கேம், பிறகு மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த பிரவுசிங் சென்டர், கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்த சிடிகள் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான பாதை. எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரிய திருப்பம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்த விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு முதன்முறையாகச் சொந்தக் கணினி வந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்ட இயந்திரம். பெரிய ஆட்டங்களை அது தாங்காது, திணறி நின்றுவிடும். சிறிய ஆட்டங்கள் ஓடின. பென் டிரைவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன அந்தச் சின்னச் சின்ன ஆட்டங்களை ஆக்கியவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று ஆடியவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் பெரிய நிறுவனத்தின் முத்திரை இல்லாத ஆட்டத்தையும் ரசிக்கலாம் என்ற பழக்கம் அங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். பப்ஜி வந்து 2020 செப்டம்பரில் தடையாகும் வரை எல்லாக் கண்களும் போன் திரைக்கு இடம் பெயர்ந்தது அதற்குப் பிந்தைய கதை.

தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீமில் அவ்வப்போது நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் இன்னும் வெளிவராத நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் முன்னோட்டத்தை இலவசமாக ஆடலாம். விற்பனைப் பட்டியலின் மேலே இருப்பதை விட்டுவிட்டு, ஒரே வரியில் விளக்கம் கேட்டால் யாரும் நம்பாத ஆட்டத்தைத் தேடுங்கள். எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் குமாஸ்தாவாக ஆடும் 'பேப்பர்ஸ் ப்ளீஸ்' 2013இல் லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாகவே செய்தது. வரிசையில் நிற்பவரை அனுப்பினால் சம்பளம் பிடிப்பார்கள், திருப்பினால் அவர் குடும்பம் பிரியும். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒரு நாள் காத்திருந்தவர்களுக்கு அந்த மேசையின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று புரியும்.

காவிரிப் படுகை இன்னும் தன் ஆட்டத்தைப் பெறவில்லை. அதற்கான விதிகள் இங்கே தயாராகக் கிடக்கின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. 2023இல் அதே நாளில் திறந்தும் தண்ணீர் போதாமல் குறுவை கருகியது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. முறை வைத்துப் பாசனம். மேலே உள்ளவர் மடையை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறார் என்பதைப் பொறுத்துக் கடைமடையில் இருப்பவரின் நாற்றங்கால் பிழைக்கும். ஆடுகிறவரை வேதாரண்யத்துப் பக்கத்தில் ஒரு கடைமடை வயலில் நிறுத்தி, மேலே இருக்கும் எந்த மடையும் அவர் கையில் இல்லை என்று வைத்துவிட்டால் போதும், குறுவையா, நேரடி விதைப்புச் சம்பாவா, தாளடியை விட்டுவிடுவதா என்று ஒவ்வொரு வாரமும் அவர் முடிவெடுத்தாக வேண்டும். இதை ஆக்க இரண்டு பேரும் ஐந்து ஆண்டும் கையெழுத்திட ஆயிரம் பேரும் வேண்டும். அந்த இரண்டு பேர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், என் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்த இதழில்: பரமபதப் பலகையின் ஏணிகளையும் பாம்புகளையும் திரைக்குக் கொண்டுவந்தவர்கள், வரும் வழியில் அவர்கள் தொலைத்துவிட்டவை.

(தொடரும்)